மாடி எடுத்த பிறகு சோலார் ஹீட்டரில் சுடுதண்ணீர் சரியாக வரவில்லை

லாஸ்பேட்டை மாடிவீடு:

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு. தரைத்தளத்துக்கு மேல் ஒரு தளம் எடுத்து, கீழே இருந்த பாத்ரூமையும் சமையலறையையும் இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறோம். சோலார் ஹீட்டர் பழையதுதான். 200 லிட்டர், 20 கண்ணாடி டியூப், பிரஷர் இல்லாத வகை. அதை அப்படியே கழற்றிப் புது மொட்டை மாடியில் வைத்தார்கள். லைன் முழுக்கச் சுவருக்குள் புது சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்). பாத்ரூம்களில் சிங்கிள் லீவர் டைவர்ட்டர் (ஒரே கைப்பிடியில் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர்).

பிரச்சினைகள் நான்கு. கீழ் பாத்ரூமில் எவ்வளவு நேரம் விட்டாலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறுவதில்லை. மேல் பாத்ரூமில் மோட்டார் போட்டு டேங்க் நிரம்பிய கொஞ்ச நேரம் வருகிறது, அப்புறம் புஸ் புஸ் என்று காற்றோடு நூலாக ஒழுகி நின்றுவிடுகிறது. மதியம் சமையலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் சுடுதண்ணீர் வருகிறது. நான்காவது, ஹீட்டர் மேலிருக்கும் ஏர் வென்ட் குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்ததால் அதன் வாயை எண்டு கேப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அளவுகள்: 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், 3 அடி மேடை மேல். டேங்க் உயரம் 4 அடி. ஹீட்டர் டேங்கின் உச்சி மொட்டை மாடித் தரையிலிருந்து 5 அடி. வென்ட் குழாயின் வாய் 6 அடி. ஹீட்டருக்குத் தனி லைன் இல்லை, பச்சைத் தண்ணீர் இறங்கும் லைனில் டீ போட்டு எடுத்திருக்கிறார்கள். ஹீட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

குழாய்வேலை:

ஹீட்டர மாத்தாதீங்க சார். நீங்க குடுத்த அளவுலயே பாதி பதில் இருக்கு.

மேடை 3 அடி, டேங்க் 4 அடி. அப்போ தண்ணி மட்டம் நிரம்பி இருக்கும்போது 7 அடி, காலியாகும்போது 3 அடி. ஹீட்டர் உச்சி 5 அடியில நிக்குது. சுடுதண்ணி எடுக்கற வாய் ஹீட்டர் டேங்க்ல மேல் பக்கம்தான் இருக்கும். பச்சைத் தண்ணி மட்டம் அந்த வாய்க்கு மேல நின்னாத்தான் அது சுடுதண்ணிய வெளிய தள்ளும். 1000 லிட்டர் டேங்க் பாதி இறங்கினதும் மட்டம் 5 அடிக்கு வந்துடும். அதோட தள்ளற வேலை நின்னுபோச்சு. மோட்டார் போட்டதும் வருது, அப்புறம் நிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் இதுதான். பச்சைத் தண்ணி டேங்கோட அடி, சோலார் டேங்கோட உச்சிக்கு மேல இருக்கணும். உங்களுக்குக் குறைஞ்சது 6 அடி மேடை.

வென்ட் வழிஞ்சதுக்கும் அதே கணக்குதான். வென்ட் வாய் 6 அடி, டேங்க் நிரம்பினா மட்டம் 7 அடி. ஒரு அடி தண்ணி அங்கதான் வழியும், வேற எங்க போகும்? அதுக்கு வைத்தியம் குழாய உசத்தறது. கேப் போடறது இல்ல.

அந்த கேப்ப இன்னைக்கே கழட்டுங்க, இதுல மட்டும் நாள் கடத்தாதீங்க. தண்ணி சூடாகும்போது அதுல கரைஞ்சிருக்கற காத்து பிரிஞ்சு மேல சேரும். வெளிய போக வழி இல்லன்னா சுடுதண்ணி வாய்லயே உக்காந்து அடைச்சுக்கும். நீங்க கேக்கற புஸ் புஸ் அந்தக் காத்துதான். அத விட மோசம் இன்னொண்ணு. மேல டேங்க் காலியா இருக்கும்போது கீழ் வீட்ல சுடுதண்ணிக் குழாயத் திறந்தா, இறங்கற தண்ணி ஹீட்டர உறிஞ்சும். உள் டேங்க் தகடு அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. காத்து உள்ள வர வழி இல்லன்னா காலி பாட்டில வாய் வெச்சு உறிஞ்சின மாதிரி உள்பக்கமா நசுங்கிடும். அப்புறம் நிஜமாவே ஹீட்டர மாத்தணும்.

கேப் கழட்டின நாள்ல இருந்து வென்ட் நீட்டற வரைக்கும் மேல் டேங்க முக்கால் அளவுக்கு மேல நிரப்பாதீங்க. வழியாது.

வெயில்கணக்கு:

மட்டம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கீழ் பாத்ரூமில் வெதுவெதுப்பாக வருவது வேறு நோய். மட்டம் குறைந்தால் தண்ணீர் வராது. வந்து ஆறிப்போயிருந்தால் எங்கோ கலக்கிறது என்று அர்த்தம். அதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம்.

சமையல் வெப்பமானி ஒன்று போதும். நல்ல வெயில் அடித்த நாளில் மாலை 4 மணிக்கு மூன்று இடத்தில் பாருங்கள்: ஹீட்டர் வாயருகே யூனியனை (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பை) தளர்த்தி ஒரு குவளை, கீழ் பாத்ரூம் சுடுதண்ணீர் மூன்று நிமிடம் விட்ட பிறகு ஒரு குவளை, பச்சைத் தண்ணீர் ஒரு குவளை. ஹீட்டர் வாயில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரலாம், கையை வைக்காதீர்கள். குழாயில் வந்த சூட்டிலிருந்து பச்சைத் தண்ணீர்ச் சூட்டைக் கழியுங்கள். ஹீட்டர் வாயின் சூட்டிலிருந்தும் அதையே கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், குழாயில் விழுவதில் எத்தனை பங்கு உண்மையான சுடுதண்ணீர் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, ஹீட்டரிலிருந்து இறங்கும் சுடுதண்ணீர் வால்வை முழுக்க மூடிவிட்டுக் கீழே சுடுதண்ணீரைத் திறங்கள். குழாயில் நிற்கும் நாலைந்து லிட்டர் வந்துவிட்டு நின்றால் லைன் சுத்தம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர் லைனுக்குள் ஏறுகிறது.

நிழலையும் ஒருமுறை பாருங்கள். மாடி எடுத்தால் மாடிப்படி அறையும் புதிதாக வந்திருக்கும். புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் உச்சிவேளையில் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 8 அடி உயர அறை தெற்குப் பக்கம் இருந்தால் உச்சியில் 6 அடி நீளத்துக்கும், காலை 9 மணிக்கு வடமேற்காக 12 அடி நீளத்துக்கும் நிழல் விழும். சுடுதண்ணீர் தேவைப்படும் மாதத்தில்தான் நிழல் நீளம். மே மாதத்தில் சோதித்துவிட்டு நிழலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும்.

டியூப்களையும் பாருங்கள். டைல்ஸ் அறுத்த தூசியும் பெயின்ட் தெளிப்பும் படிந்திருக்கும். விடியற்காலையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒவ்வொரு டியூபின் அடியிலும் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு பளபளப்பு தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் அந்த டியூபின் வெற்றிடம் போய்விட்டது, அதை மட்டும் மாற்றுங்கள்.

கடலூர் ஓடி:

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? ஹீட்டருக்குத் தண்ணி போற லைன்ல ஒரு அரை எச்.பி. பிரஷர் பம்ப் வெச்சா மேலயும் கீழயும் பிச்சுக்கிட்டு வரும். மேடை இடிக்கற வேலையும் மிச்சம்.

குழாய்வேலை:

அண்ணே, அது பிரஷர் தாங்கற ஹீட்டருக்கு. அவர்கிட்ட இருக்கறது கண்ணாடி டியூப் நேரா டேங்க்ல சொருகி சிலிகான் ரிங்ல நிக்கற வகை. அந்த மாதிரி பம்ப் 2 பார் சாதாரணமா தள்ளும். அது 20 மீட்டர் உயரத் தண்ணிக்குச் சமம். அவர் ஹீட்டருக்கு 6 அடி மேடை போட்டாக்கூட மேல இருந்து வர்ற அழுத்தம் 5 அடி தண்ணி, ஒண்ணரை மீட்டர்தான். 20 மீட்டர் குடுத்தா ரிங் கக்கும், டியூப் வெளிய வரும், இல்ல வெல்டிங் பிளக்கும். வென்ட் திறந்திருந்தா பம்ப் போடற தண்ணி பூரா மாடிலயே கொட்டும். அதனால யாராவது வென்ட்ட அடைப்பாங்க. கதை அங்கயே முடிஞ்சுடும்.

பம்ப் வேணும்னா ஹீட்டர தாண்டி, வெளிய வர்ற சுடுதண்ணி லைன்ல வைக்கணும். சுடுதண்ணி தாங்கற பம்பா இருக்கணும். பச்சைத் தண்ணிக்கும் அதே அளவுல இன்னொண்ணு வைக்கணும். ஒரு பக்கம் மட்டும் பம்ப் வெச்சா, பலமுள்ள பக்கம் மிக்சர் வழியா மத்த பக்கத்துக்குள்ள ஏறும். இன்னைக்கு இருக்கற நோய் பத்து மடங்காகும்.

வெயில்கணக்கு:

பம்ப் தேவையா என்பதையும் கணக்கு பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். டேங்கில் சராசரி மட்டம் மொட்டை மாடிக்கு மேல் 5 அடி. மேல்தள ஷவர் மொட்டை மாடித் தரைக்குக் கீழே மூன்றரை அடி. ஆக எட்டரை அடி, கால் பார் அழுத்தம்தான். கீழ்த்தளத்தில் இன்னும் பத்தரை அடி கூடி 19 அடி, ஏறக்குறைய 0.57 பார். கடையில் பளபளவென்று மாட்டியிருக்கும் பல டைவர்ட்டர்களுக்கும் அகலமான மழை ஷவர்களுக்கும் ஒரு பாராவது வேண்டும். அதாவது 33 அடி உயரத் தண்ணீர். மேல் பாத்ரூமில் 8 அங்குல மழை ஷவர் மாட்டியிருந்தால் மேடையை உயர்த்தினாலும் சொட்டத்தான் செய்யும். சாதாரணக் கைஷவர் போதும்.

லாஸ்பேட்டை மாடிவீடு:

கேப் கழற்றியாயிற்று. சீறிக்கொண்டு காற்று வந்தது.

அளந்தேன். ஹீட்டர் வாய் 61 டிகிரி, பச்சைத் தண்ணீர் 29, கீழ் பாத்ரூம் 42. நீங்கள் சொன்னபடி 13-ஐ 32-ஆல் வகுத்தால் 41 சதவீதம் வருகிறது. மீதி 59 சதவீதம் பச்சைத் தண்ணீர்!

சுடுதண்ணீர் வால்வை மூடிய பிறகும் கீழே நிற்காமல் வருகிறது, வாளி வைத்துப் பார்த்ததில் நிமிடத்துக்கு 4 லிட்டர். எந்த மிக்சர் என்று கண்டுபிடிப்பது எப்படி? வாஷ்பேசினுக்கும் சமையலறைக்கும் கீழே ஆங்கிள் வால்வு இருக்கிறது. டைவர்ட்டர் இரண்டும் சுவருக்குள். மேல் பாத்ரூம் டைவர்ட்டரில் கைஷவர் இருக்கிறது, அதன் கைப்பிடியிலேயே நிறுத்தும் பட்டன் உண்டு. நிழல் இல்லை, மாடிப்படி அறை வடக்குப் பக்கம்.

வெயில்கணக்கு:

கைப்பிடியில் பட்டன் என்றீர்களே, அங்கேதான் சந்தேகம். குளித்து முடித்ததும் பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு லீவரை நடுவில் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். வெளியே ஒரு சொட்டு வராது. ஆனால் மிக்சர் உடம்புக்குள் சுடுதண்ணீர் வாயும் பச்சைத் தண்ணீர் வாயும் ஒன்றாகத் திறந்து கிடக்கும். உங்கள் வீட்டில் ஹீட்டர் வழியாக வரும் தண்ணீரை விட நேராக இறங்கும் பச்சைத் தண்ணீருக்கு எதிர்ப்பு குறைவு. அதனால் அது அந்த மிக்சர் வழியாகக் குறுக்கே போய், சுடுதண்ணீர் லைனில் இறங்கி, கீழ் பாத்ரூமில் வந்து விழுகிறது.

சுடுதண்ணீர் வால்வு மூடியே இருக்கட்டும், கீழே குழாயும் திறந்தே இருக்கட்டும். ஒருவரை மேலே அனுப்பி அந்த லீவரை முழுக்க மூடச் சொல்லுங்கள். கீழே நின்றால் ஆள் பிடிபட்டது. நிற்காவிட்டால் ஆங்கிள் வால்வுகளை ஜோடி ஜோடியாக மூடிப் பாருங்கள். எதை மூடினாலும் நிற்கவில்லை என்றால் ஒரு டைவர்ட்டரின் கார்ட்ரிட்ஜுக்குள் (லீவருக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) மணலோ சிபிவிசி சீவலோ சிக்கியிருக்கும். புது வேலையில் லைனை அலசிவிடாமல் கார்ட்ரிட்ஜ் மாட்டினால் இது சகஜம்.

சமையலறையில் மதியம் சுடுதண்ணீர் வருவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று இதே மிக்சர். இன்னொன்று, நீங்கள் சொன்ன டீ. ஹீட்டருக்குப் போகும் லைன் பச்சைத் தண்ணீர் லைனிலிருந்தே பிரிகிறது, நடுவே என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இல்லை என்றால் கீழே பச்சைத் தண்ணீர் வேகமாக ஓடும்போது ஹீட்டரிலிருந்து பின்னோக்கி இழுக்கும். லீவரை மூடிய பிறகும் மதியம் சமையலறையில் சுட்டால் ஹீட்டருக்குள் போகும் வால்வை மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். அப்போது சுடவில்லை என்றால் அந்த டீதான் காரணம்.

லாஸ்பேட்டை மாடிவீடு:

மேல் லீவரை மூடியதும் கீழே பத்து நொடியில் நின்றது. வால்வைத் திறந்து மறுபடி அளந்தால் கீழ் பாத்ரூமில் 56 டிகிரி. ஆனால் சமையலறையில் மதியம் இன்னும் சுடுகிறது. ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடினால் சுடவில்லை. மேல் பாத்ரூமில் காற்றும் இன்னும் வருகிறது. மேடை வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். வேறு என்ன சேர்த்துச் செய்ய வேண்டும்?

குழாய்வேலை:

மேடை போடற கொத்தனார் வர்றதுக்குள்ள இடத்த முடிவு பண்ணுங்க. 1000 லிட்டர் தண்ணி ஒரு டன். அத 6 அடி ஏத்தும்போது நடு ஸ்லாப்ல வைக்கக் கூடாது, கீழ தூணோ பீமோ ஓடற இடத்துல வைங்க. மேடை ஏத்தறதே கஷ்டம்னா இன்னொரு வழி: ஹீட்டருக்குன்னு மட்டும் 300 லிட்டர்ல சின்ன டேங்க் ஒண்ணு 6 அடில. ஆனா அதுக்கு மோட்டார் லைன்ல இருந்து தனியாப் பிரிச்சு ஃப்ளோட் வால்வு போடணும். பெரிய டேங்க்ல இருந்து அது நிரம்பாது, தண்ணி மேல ஏறாது. அப்படிச் செஞ்சா பச்சைத் தண்ணி மட்டமும் சுடுதண்ணி மட்டமும் வேற வேற ஆகும். என் ஓட்டு பெரிய டேங்க உசத்தறதுக்குத்தான்.

டேங்க் ஏத்தும்போதே அதுல தனியா ஒரு ஓட்டை போட்டு, ஹீட்டருக்கு மட்டும் ஒரு இஞ்ச் லைன் இழுங்க. பழைய டீய எடுத்துட்டு எண்டு கேப் போட்டுடுங்க (கேப் போட வேண்டிய இடம் இதுதான்). அந்தப் புது லைன்ல கேட் வால்வு ஒண்ணு, அடுத்து என்.ஆர்.வி. ஒண்ணு. ஸ்பிரிங் வெச்ச என்.ஆர்.வி. வாங்காதீங்க. உங்களுக்கு இருக்கற கொஞ்ச அழுத்தத்துல பாதிய அந்த ஸ்பிரிங்கே தின்னுடும். உள்ள கதவு மாதிரி ஆடற வகைய வாங்கி, படுத்த லைன்ல, கதவோட கீல் மேல் பக்கம் வர்ற மாதிரி, அம்புக்குறி ஹீட்டரப் பாத்து மாட்டுங்க. கவுத்து மாட்டினா கதவு தொங்கிக்கிட்டே கிடக்கும், மூடாது.

வென்ட்: மேடை 6 அடி ஆனா முழு மட்டம் 10 அடி. வென்ட் வாய் 11 அடிக்குக் குறையக் கூடாது. முக்கால் இஞ்ச்ல ஏத்தி, நுனில ரெண்டு எல்போ போட்டு வாயக் கீழ திருப்பி, கொசுவலைத் துண்டு கட்டுங்க. நடுவுல எந்த வால்வும் கூடாது. 6 அடி குழாய் சும்மா நின்னா காத்துக்கு ஆடும், மேடைச் சுவர்ல கிளாம்ப் அடிங்க.

மேல் பாத்ரூமுக்கு இறங்கற லைன் எப்படிப் போகுதுன்னு ஒரு தடவ நின்னு பாருங்க. ஹீட்டர்ல இருந்து வெளிய வந்து, கைப்பிடிச் சுவர் மேல ஏறி, மறுபடி இறங்குதா? அந்த மேட்டுல காத்து தேங்கும். ஹீட்டர் வாய்ல இருந்து கடைசி வரைக்கும் லைன் கொஞ்சமாவது இறங்கிக்கிட்டே போகணும். சுவர் குறுக்க வந்தா ஓட்டை போட்டு உள்ள விடுங்க. முடியலன்னா அந்த மேட்டு உச்சில டீ போட்டு இன்னொரு வென்ட் எடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் லைன்ல மிச்சம் இருக்கற காத்த ஓட்டறதுக்கு ஒரு சின்ன வித்தை. மேல் டேங்க் நிறைய இருக்கணும், வென்ட் திறந்திருக்கணும். கீழ் பாத்ரூம்ல லீவர நடுவுல வெச்சுத் திறந்து, ஸ்பவுட் வாய உள்ளங்கையால அழுத்தி ஒரு நிமிஷம் மூடுங்க. பச்சைத் தண்ணி சுடுதண்ணி லைன்ல ஏறி, காத்த மேல தள்ளி, வென்ட் வழியா அனுப்பிடும். உங்களுக்குத் தொல்லை குடுத்த அதே குறுக்கு வழிதான், இந்த ஒரு தடவ வேலைக்கு ஆகும்.

வெயில்கணக்கு:

61-லிருந்து 56-க்கு இறங்கியது லைனில் போகும் சூடு. மொட்டை மாடியில் வெளியே தெரியும் குழாய்க்கு 13 மி.மீ. நைட்ரைல் ரப்பர் உறை போட்டு, வெயிலில் உரியாமல் இருக்க மேலே அலுமினியப் பட்டை சுற்றுங்கள். சுவருக்குள் போனதை இனி ஒன்றும் செய்ய முடியாது. திறந்ததும் முதலில் பச்சையாக வருவது குழாயில் நின்று ஆறிய தண்ணீர். சிபிவிசி ஒரு இஞ்ச் குழாயில் மீட்டருக்கு 0.43 லிட்டர், முக்கால் இஞ்சில் 0.26, அரை இஞ்சில் 0.12 லிட்டர் நிற்கும். 15 மீட்டர் ஒரு இஞ்ச் ஓடினால் ஆறரை லிட்டர் வீணான பிறகே சூடு தெரியும். இது பழுதல்ல.

ஹீட்டர் வாயிலிருந்து முதல் ஒரு மீட்டருக்கு சிபிவிசி வேண்டாம், ஜி.ஐ. அல்லது கலவைக் குழாய் போடுங்கள். சிபிவிசிக்கு 82 டிகிரி வரைதான் கணக்கு. கோடையில் வீட்டைப் பூட்டிவிட்டு நாலு நாள் ஊருக்குப் போனால் ஹீட்டர் அதைத் தாண்டிவிடும். எங்காவது வெள்ளை யுபிவிசி துண்டு கண்ணில் பட்டால் உடனே மாற்றுங்கள், அது சுடுதண்ணீருக்கானதே அல்ல. சிபிவிசி வெளிர் மஞ்சள் நிறம்.

மழைக்காலத்துக்கு உள்ளே இருக்கும் 2 கிலோவாட் ஹீட்டிங் எலிமென்ட்டையும் சரிபாருங்கள். 200 லிட்டரை 20 டிகிரி ஏற்ற அதற்கு 2 மணி 20 நிமிடம் ஆகும், நாலே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இடம் மாற்றும்போது எர்த் கம்பியைத் திரும்பக் கொடுத்தார்களா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

கடலூர் ஓடி:

பம்ப் யோசனைய வாபஸ் வாங்கிக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். ஸ்டாண்டு காலை ஸ்லாப்ல ஆங்கர் போல்ட் போட்டுப் பிடிச்சிருக்காங்களா பாருங்க. சும்மா செங்கல் அண்டக் குடுத்து நிறுத்தியிருந்தா, 2011 டிசம்பர்ல தானே புயல் நம்ம பக்கம் கரை ஏறின மாதிரி ஒரு காத்துல ஸ்டாண்டோட போயிடும். போல்ட் போட்ட ஓட்டையச் சுத்தி வாட்டர் புரூஃப் பூசச் சொல்லுங்க, இல்லன்னா புது மாடி ஒழுகும்.

லாஸ்பேட்டை மாடிவீடு:

செங்கல்தான். போல்ட் போடச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: டேங்கை உயர்த்தும் நாளில் ஹீட்டரையும் வடித்துவிட்டால் வேலை சுலபம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?

குழாய்வேலை:

வடிக்கலாம், ஆனா எப்போ திரும்ப நிரப்பறீங்கங்கறதுதான் விஷயம். டேங்க் 200 லிட்டர், டியூப் ஒண்ணுக்கு 2.7 லிட்டர்னு 20 டியூப்ல 54 லிட்டர், மொத்தம் 250 லிட்டருக்கு மேல. காலி டியூப் வெயில்ல நின்னா உள்ள 200 டிகிரிக்கு மேல போகும். அதுல மதியம் பச்சைத் தண்ணி பட்டா கண்ணாடி பட்டுனு வெடிக்கும். வடிச்ச உடனே டியூப் மேல பழைய போர்வையோ தார்பாயோ போட்டு மூடிக் கட்டுங்க. மூடியே இருந்தாலும் இருட்டின பிறகு இல்ல காலைல 6 மணிக்கு முன்னாடிதான் நிரப்பணும். நிரப்பி, வென்ட்ல தண்ணி மட்டம் நின்னதப் பாத்துட்டுத் தார்பாய எடுங்க.